கோதுமைக் காட்டு ஓட்டுப்பெட்டி

கனடா தேசத்தில் சஸ்காச்சவான் என்று ஒரு மாகாணம் இருக்கிறது. அதன் தென்பகுதியில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கோதுமை வயல்தான். கடல் கிடையாது. மலையென்று சொல்லத் தக்க மலையும் இல்லை. குளிர்காலம் வந்துவிட்டால் மாதக்கணக்கில் பூமி பனிக்கு அடியில் கிடக்கும்.

மாகாணத் தலைநகரமான ரெஜைனாவிலிருந்து தென்கிழக்கே சுமார் 70 மைல் போனால் வேபர்ன் என்ற சிறிய ஊர் வருகிறது. ஊரை ஒட்டிச் சூரிஸ் என்ற ஆறு ஓடுகிறது. ஆற்றங்கரையில் ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. மெலிந்த, குள்ளமான ஒரு மனிதரின் சிலை.

அவர் பெயர் டாமி டக்ளஸ். 17 ஆண்டுகள் சஸ்காச்சவானின் முதன் மந்திரியாக இருந்தவர். வேபர்ன் தொகுதி மக்கள் அவரை ஐந்து பொதுத் தேர்தல்களில் தொடர்ந்து சட்டசபைக்கு அனுப்பினார்கள். அவர் பதவியை விட்டுப் போன மறு மாதமே அவருடைய கட்சியைத் தோற்கடித்தார்கள்!

நன்றி கெட்டவர்களா அந்த ஊர்க்காரர்கள்? அப்படிச் சொல்லிவிட முடியாது. அந்தத் தொகுதியின் கதையை முழுவதும் கேட்டால் ஓட்டு என்றால் என்ன என்பதே விளங்கும்.

முதல் உறுப்பினர் ஒரு டாக்டர்

சஸ்காச்சவான் தனி மாகாணமானது 1905-ம் ஆண்டில். அதற்கு முன்பே ரயில் பாதை வந்துவிட்டது. ரயிலோடு ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் குடியானவர்கள் வந்து குவிந்தார்கள். ஜனத்தொகை பெருகவே 1908-ல் சட்டசபை ஸ்தானங்கள் 25-லிருந்து 41 ஆக உயர்ந்தன. அப்போது பிறந்தது வேபர்ன் தொகுதி. நம் ஊர் சட்டசபைத் தொகுதியைப் போலத்தான். ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர், அதிக ஓட்டு வாங்கியவருக்கு வெற்றி.

முதலில் ஜெயித்தவர் லிபரல் கட்சியைச் சேர்ந்த ராபர்ட் மென்ஸீஸ் மிட்செல். அவர் ஒரு டாக்டர். 1919 வரை வேபர்னின் பிரதிநிதியாக இருந்தார்; சட்டசபையின் சபாநாயகராகவும் விளங்கினார். 1921-ல் வேபர்னில் பெரிய மனநோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டபோது அதன் தலைவர் பொறுப்பும் அவரிடமே வந்தது. ஊரில் பலருக்குச் சோறு போட்டது அந்த ஆஸ்பத்திரிதான்.

அந்தக் காலத்தில் அந்த மாகாணத்தில் லிபரல் கட்சிக்கு அசைக்க முடியாத செல்வாக்கு. 1905 முதல் 1929 வரை அதன் ஆட்சிதான். 1916-ல் பெண்களுக்கும் ஓட்டு கிடைத்தது. ஆனால் ஓட்டுப் போட்டவர்களின் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? டாக்டர் பல மைல் தூரத்தில் இருப்பார். பீஸ் கையில் இருந்தால்தான் வண்டியைப் பூட்டலாம். சில கிராமங்கள் வரிப் பணத்தில் சம்பளம் கொடுத்து ஊருக்கென ஒரு டாக்டரை வைத்துக்கொண்டன. எல்லா ஊருக்கும் அந்தப் பாக்கியம் இல்லை.

பாதிரியார் வந்தார்

1930-ல் வேபர்ன் கால்வரி பாப்டிஸ்ட் தேவாலயத்துக்கு ஓர் இளம் பாதிரியார் வந்து சேர்ந்தார். வயது 25. அச்சுக்கூடத்தில் வேலை பார்த்தவர். குத்துச்சண்டையில் மானிடோபா மாகாணப் பட்டம் பெற்றவர். அவர்தான் டாமி டக்ளஸ்.

ஸ்காட்லாந்தில் பிறந்தவர் அவர். சிறு வயதில் முழங்காலில் அடிபட்டு எலும்பில் சீழ் பிடித்துவிட்டது. குடும்பம் கனடாவுக்குக் குடியேறிய பிறகும் நோய் விடவில்லை. காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்ற நிலை. பெற்றோரிடம் பணம் இல்லை. விநிபெக் நகர ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய சர்ஜன், மாணவர்களுக்குப் பாடமாகக் காட்டச் சம்மதித்தால் இனாமாகச் சிகிச்சை செய்கிறேன் என்றார். கால் பிழைத்தது.

"அந்த டாக்டர் தற்செயலாக அந்தப் பக்கம் வராவிட்டால் என் கதி என்ன?" என்ற கேள்வி டக்ளஸை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. வேபர்னிலோ, வேளைக்கு வைத்தியம் கிடைக்காமல் இறந்தவர்களை அடக்கம் செய்யும் கடமை அவருக்கே வந்து சேர்ந்தது. அதைப் பிற்காலத்தில் அவர் பல முறை சொல்லியிருக்கிறார்.

கருவாடு வந்த ரயில்

அவர் வந்த வேளையும் பொல்லாத வேளை. உலகம் முழுவதும் பொருளாதார மந்தம். ஒரு டாலருக்கு மேல் விற்ற ஒரு புஷல் கோதுமை அதில் பாதி விலைக்கும் போகவில்லை. கூடவே மழையும் பொய்த்தது. மேல் மண் காற்றில் எழுந்து வானத்தை மறைத்தது. நடுப்பகலில் விளக்கேற்ற வேண்டியிருந்தது.

1931-ல் பக்கத்து ஊரான எஸ்தவானில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஊர்வலத்தில் போலீஸ் சுட்டு 3 பேர் மாண்டார்கள். அந்தக் குடும்பங்களுக்கு உணவு திரட்டிக் கொண்டு போனார் வேபர்ன் பாதிரியார்.

பஞ்சம் அத்தோடு தீரவில்லை. 1937-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி, வேபர்னுக்கு அண்டையிலுள்ள எல்லோ கிராஸ், மிடேல் என்ற இரு சிற்றூர்களில் வெயில் 45 டிகிரி சென்டிகிரேடைத் தொட்டது. 2021 வரை கனடாவில் அதை மிஞ்சிய வெயில் பதிவானதில்லை. அந்த ஆண்டு மாகாணத்தில் ஏக்கருக்குச் சராசரி 3 புஷல்கூட விளையவில்லை. விதைத்த விதையாவது திரும்பினால் போதும் என்ற நிலை.

மற்ற மாகாணங்களிலிருந்து ரயில் ரயிலாக நிவாரணச் சாமான்கள் வந்தன. அட்லாண்டிக் கரையிலிருந்து உப்புக் கருவாடு வந்தது. கடலையே பார்த்தறியாத குடியானவப் பெண்களுக்கு அதை எப்படி ஊறவைத்துச் சமைப்பது என்று தெரியவில்லை. பசியோடு பலர் அதை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தோல்வியும் 301 ஓட்டும்

பிரசங்கம் மட்டும் போதாது என்று நினைத்தார் டக்ளஸ். 1934-ல் விவசாயி–தொழிலாளர் கட்சியின் அபேட்சகராக வேபர்ன் சட்டசபைத் தொகுதியில் நின்றார். தோற்றார். ஜெயித்தவர் ஹ்யூ ஈகிள்ஷாம் என்ற லிபரல், அவரும் டாக்டரே! மாகாணம் முழுவதும் 55 ஸ்தானங்களில் 50 லிபரல் கட்சிக்குப் போயின. ஆளுங் கட்சியாக இருந்த கன்சர்வேடிவ் கட்சிக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

மறு வருஷம் ஒட்டாவா பார்லிமெண்டுக்குத் தேர்தல். அதிலும் வேபர்ன் என்ற பெயரில் ஒரு தொகுதி உண்டு. சட்டசபைத் தொகுதியைவிடப் பெரியது. சி. சி. எப். என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட கூட்டுறவு காமன்வெல்த் சம்மேளனத்தின் பெயரில் டக்ளஸ் நின்றார். 301 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 1940-லும் அதே தொகுதி அவரை அனுப்பியது.

ஒளிக்காமல் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. 1933-ல் பட்டத்துக்காக எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையில், மனவளர்ச்சி குன்றியவர்களுக்குக் குழந்தை பிறக்காதபடி செய்ய வேண்டும் என்ற கொடிய யோசனையை டக்ளஸ் ஆதரித்திருந்தார். அன்று பல நாடுகளில் படித்தவர்களைப் பிடித்திருந்த பைத்தியம் அது. ஆனால் அதிகாரம் கைக்கு வந்தபோது அவர் அதைச் செய்யவில்லை. அப்படிச் செய்யும்படி வந்த யோசனையையும் தள்ளிவிட்டார்.

எலிகளின் ராஜ்யம்

1944-ல் பார்லிமெண்டை விட்டுவிட்டு மாகாணத்துக்குத் திரும்பினார் டக்ளஸ். சி. சி. எப். கட்சியின் மாகாணத் தலைவராக வேபர்ன் சட்டசபைத் தொகுதியில் நின்றார். பத்து வருஷத்துக்கு முன் தோற்ற அதே தொகுதி!

அவருடைய கூட்டம் என்றால் குடியானவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். சிரிக்க வைத்தே சிந்திக்க வைப்பார். அவர் அடிக்கடி சொல்லி வந்த எலிக் கதை ஒன்று உண்டு. எலிகளின் ராஜ்யத்தில் தேர்தல் நடக்கும். எலிகள் ஒரு தடவை கறுப்புப் பூனைகளைத் தேர்ந்தெடுக்கும். கஷ்டம் தாங்காமல் அடுத்த தடவை வெள்ளைப் பூனைகளைத் தேர்ந்தெடுக்கும். எந்த நிறமானாலும் பூனை போடும் சட்டம் பூனைக்குத்தானே நல்லது? எலிகளே ஏன் எலிகளைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று ஓர் எலி கேட்கும். உடனே அதைப் பிடித்து உள்ளே தள்ளிவிடுவார்கள்!

மைதானத்தில் மேடை இல்லாத ஊரில் எரு வாரி இறைக்கும் வண்டியின் மேல் ஏறி நின்று, "லிபரல் கட்சி மேடையில் நான் பேசுவது இதுவே முதல் தடவை" என்றாராம். இப்படி அவரைப் பற்றிய கதைகள் ஏராளம்.

எதிரிகள் சும்மா இருக்கவில்லை. இவர்கள் வந்தால் உங்கள் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பிரசாரம் செய்தார்கள். ஆனால் பஞ்சத்தில் கடனுக்கு நிலத்தை இழந்தவர்களையும், இழக்கும் தறுவாயில் இருந்தவர்களையும் அந்தப் பூச்சாண்டி பயமுறுத்தவில்லை. ஜூன் 15-ந் தேதி ஓட்டு எண்ணப்பட்டது. 52 ஸ்தானங்களில் 47 சி. சி. எப். கட்சிக்கு! வட அமெரிக்காவில் முதன் முதலாக ஒரு சோஷலிஸ்ட் கட்சியின் ஆட்சி ஏற்பட்டது. அதன் தலைவர் வேபர்ன் தொகுதி உறுப்பினர்.

தலைக்கு 5 டாலர்

முதன் மந்திரி டக்ளஸ் சுகாதார இலாகாவைத் தாமே எடுத்துக்கொண்டார். புற்று நோய்க்கும் மனநோய்க்கும் சர்க்கார் செலவில் சிகிச்சை வந்தது. 1947 ஜனவரி முதல் தேதியன்று ஆஸ்பத்திரி இன்ஷ்யூரன்ஸ் திட்டம் அமலுக்கு வந்தது. ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 5 டாலர். எத்தனை பெரிய குடும்பமானாலும் 30 டாலருக்கு மேல் இல்லை. அதைக் கட்டியவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு பற்றிய கவலை ஒழிந்தது. பத்து வருஷம் கழித்து, இதே முறையில் எல்லா மாகாணங்களுக்கும் மானியம் தர ஒட்டாவா பார்லிமெண்டு சட்டம் இயற்றியது.

வேறு காரியங்களும் நடந்தன. கிராமங்களுக்கு மின்சாரக் கம்பி வந்தது. மோட்டார் இன்ஷ்யூரன்ஸைச் சர்க்கார் ஏற்று நடத்தியது. 1960-ல் பூர்வ குடி மக்களுக்கு மாகாணத் தேர்தலில் ஓட்டுரிமை வந்தது.

ஆனால் வெற்றி எப்போதும் ஒரே மாதிரி இருக்கவில்லை. 1948-ல் கட்சியின் ஸ்தானங்கள் 47-லிருந்து 31 ஆகக் குறைந்தன. 1952-ல் மறுபடி ஏறின. 1948, 1952, 1956, 1960 என்று வேபர்ன் மட்டும் டக்ளஸைக் கைவிடவில்லை.

மிச்சமிருந்தது ஒரே காரியம். ஆஸ்பத்திரிக்குப் பணம் வேண்டாம், சரி, டாக்டருக்கு? அதையும் பொதுப் பணத்திலிருந்தே கொடுப்போம் என்று 1959 இறுதியில் அறிவித்தார் டக்ளஸ். அடுத்த தேர்தலே அதன்மேல் நடந்தது. டாக்டர்கள் சங்கம் உறுப்பினருக்கு 100 டாலர் வீதம் வசூலித்து எதிர்ப் பிரசாரம் செய்தது. ஆனாலும் சி. சி. எப். ஜெயித்தது. மாகாணம் முழுவதும் அதற்குக் கிடைத்தது நூற்றுக்குச் சுமார் 41 ஓட்டு. எதிர் ஓட்டு பல கட்சிகளுக்குப் பிரிந்து போயிற்று.

அதிர்ச்சி தந்த உபதேர்தல்

1961-ல் புதிய ஜனநாயகக் கட்சி என்ற பெயரில் அகில கனடாக் கட்சி ஒன்று பிறந்தது. அதற்குத் தலைமை தாங்க டக்ளஸை அழைத்தார்கள். நவம்பரில் அவர் முதன் மந்திரி பதவியை விட்டார். உட்ரோ லாயிட் அந்த இடத்துக்கு வந்தார். அதே மாதம் வைத்திய இன்ஷ்யூரன்ஸ் சட்டமும் சபையில் நிறைவேறியது.

டிசம்பரில் வேபர்னில் உபதேர்தல். டக்ளஸின் சொந்தத் தொகுதி. கேட்பானேன் என்று எண்ணியவர்கள் பலர். ஜெயித்தவர் யார் தெரியுமா? ஜூனியர் ஸ்டேவ்லி என்ற லிபரல்!

ஓட்டுச் சீட்டு ரகசியமானது. அவரவர் மனத்தில் என்ன இருந்தது என்று யாரும் எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் மாகாணமெங்கும் பேச்சு ஒன்றே ஒன்றுதான். "டாக்டர்கள் ஊரை விட்டுப் போய்விடுவார்களாமே!" பல மைல் வண்டி ஓட்டிப் போய் டாக்டரைப் பார்த்து வந்த ஊரில் அந்த வார்த்தை எப்படி இருந்திருக்கும்? திட்டம் வேண்டும் என்றவர்களுக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்திருக்கும்.

அடுத்த அடி 1962 ஜூன் மாதம் விழுந்தது. பார்லிமெண்டு தேர்தலில் ரெஜைனா நகரத் தொகுதியில் டக்ளஸே பெரும் வித்தியாசத்தில் தோற்றார். பிறகு பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வேறொரு தொகுதிதான் அவருக்கு இடம் கொடுத்தது.

23 நாள்

1962 ஜூலை முதல் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. அன்றே பெரும்பாலான டாக்டர்கள் கதவைச் சாத்தினார்கள். அவசரச் சிகிச்சை மட்டும் சில ஆஸ்பத்திரிகளில் நடந்தது. பிரிட்டனிலிருந்து டாக்டர்களை வரவழைத்தார் லாயிட். "எங்கள் டாக்டர்களைக் காப்போம்" என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. ஜூலை 11-ந் தேதி சட்டசபைக்கு முன்னால் 40,000 பேர் திரளுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். வந்தவர்கள் சில ஆயிரம் பேரே.

பிரிட்டனைச் சேர்ந்த டெய்லர் பிரபு இரு தரப்புக்கும் நடுவில் நடந்து சமரசம் செய்தார். 23-ம் நாள் சஸ்காட்டூன் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. டாக்டர்கள் தங்கள் சொந்தத் தொழிலையே நடத்தலாம். பில்லைப் பொதுநிதி கொடுக்கும். நோயாளி பணப்பையைத் திறக்க வேண்டியதில்லை.

1964-ல் பொதுத் தேர்தல். இருபது வருஷ ஆட்சி கவிழ்ந்தது. ராஸ் தாச்சர் தலைமையில் லிபரல் கட்சி வந்தது. மாகாணமே லிபரல் பக்கம் சாய்ந்த அந்தத் தேர்தலில் வேபர்ன் என்ன செய்தது? டக்ளஸின் பழைய கட்சிக்குத் திரும்பி வந்தது! ஆபர்ன் பெப்பர் ஜெயித்தார்; 1982 வரை அவரே உறுப்பினர்.

ஆட்சியைப் பிடித்த தாச்சர் வைத்தியத் திட்டத்தை ரத்து செய்தாரா? இல்லை. இரண்டு வருஷம் அனுபவித்த ஜனங்களிடமிருந்து அதைப் பிடுங்கத் துணிவார் இல்லை. 1968-ல் டாக்டரைப் பார்க்க ஒரு சிறு கட்டணம் மட்டும் போட்டார். 1971-ல் புதிய ஜனநாயகக் கட்சி திரும்பி வந்து அதையும் எடுத்துவிட்டது. 1966-ல் கனடா முழுவதற்கும் சட்டம் வந்தது. 1972-க்குள் எல்லா மாகாணங்களும் சேர்ந்துவிட்டன.

மறுபடியும் மறுபடியும்

1982-ல் மாகாணமெங்கும் முற்போக்கு கன்சர்வேடிவ் அலை அடித்தது. வேபர்னும் அதோடு போயிற்று. லோர்ன் ஹெப்வொர்த் ஜெயித்துப் பின்னர் நிதி மந்திரியும் ஆனார். 1991-ல் ஊர் மறுபடி புதிய ஜனநாயகக் கட்சிக்கு வந்தது.

அந்தக் கட்சி அரசாங்கத்தை ஏற்றபோது கஜானா காலி, கழுத்தளவு கடன். 1993-ல் 52 கிராமத்து ஆஸ்பத்திரிகளில் படுக்கை வைத்து நடத்தும் சிகிச்சை நிறுத்தப்பட்டது. யார் ஆஸ்பத்திரியைக் கொடுத்தார்களோ அதே கட்சியின் கையால் அது நடந்தது! சின்ன ஊர்கள் அதை லேசில் மறக்கவில்லை. 1995-ல் தொகுதி வேபர்ன்–பிக் மடி என்று பெயர் மாறி, அந்தக் கட்சியின் ஜூடி பிராட்லியை அனுப்பியது. 1999-ல் சஸ்காச்சவான் கட்சி என்ற புதிய கட்சி கிராமப்புறங்களை வாரிக்கொண்டது. வேபர்னில் பிரெண்டா பேக்கன் ஜெயித்தார். அதன் பிறகு 2024 தேர்தல் வரை அந்த வட்டாரம் அந்தக் கட்சியையே தேர்ந்தெடுத்து வந்தது.

2006-ல் ஓர் உபதேர்தலில் அதே கட்சியின் டஸ்டின் டங்கன் வந்தார். 2012 முதல் 2016 வரை அவர் மாகாணத்தின் சுகாதார மந்திரி. டக்ளஸின் ஊர், டக்ளஸ் வகித்த இலாகா, ஆனால் எதிர்க் கட்சி. அவர் நிர்வகித்ததோ டக்ளஸ் தொடங்கிவைத்த திட்டம்!

சிலை நிற்கும் ஊர்

1986-ல் டக்ளஸ் காலமானார். 2004-ல் கனடாவின் தலைசிறந்த மனிதர் யார் என்று தேசிய ஒளிபரப்பு நிலையம் நேயர்களைக் கேட்டபோது அவர் பெயரே முதலில் வந்தது. 2010-ல் வேபர்னில் சிலை திறந்தார்கள். திறந்து வைத்தவர் அவருடைய பேரன், ஹாலிவுட் நடிகர் கீபர் சதர்லண்ட்.

சிலை வைத்ததற்காக வேபர்ன்காரர்கள் அவர் கட்சிக்கு ஓட்டுப் போட்டுவிடவில்லை. ஓட்டுப் போடவில்லை என்பதற்காகச் சிலையை அகற்றிவிடவும் இல்லை. இரண்டும் வேறு வேறு என்பது அவர்களுக்குத் தெரியும்.

1908 முதல் அந்தத் தொகுதி லிபரலைப் பார்த்தது, சோஷலிஸ்டைப் பார்த்தது, கன்சர்வேடிவைப் பார்த்தது. கோபம் வந்தபோது ஆளை மாற்றியது. பயம் வந்தபோதும் மாற்றியது. வந்தவர்கள் ஒவ்வொருவரும் போனார்கள். குழந்தைக்கு நள்ளிரவில் காய்ச்சல் கண்டால் பெட்டியில் எவ்வளவு காசு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்ற நிலை மட்டும் போகவில்லை. எந்தக் கட்சியும் அதில் கை வைத்துத் தப்ப முடியாது என்பது அந்த ஊருக்கும் தெரியும். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கும் தெரியும்.